கல்லில் வெட்டும் முன் சரிபாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போரில் உயிர் கொடுத்து வீர விருது பெற்ற படைவீரருக்கு அவருடைய சொந்த ஊரிலேயே கல் நடுவது நல்ல காரியம். வீட்டுக்கு வீடு பட்டாளத்துக்காரர் என்று பெயரெடுத்த கம்மவான்பேட்டை இருக்கிற வேலூர் மாவட்டம் இது. ஜனவரி 26, கார்கில் வெற்றி நாளான ஜூலை 26, ஆகஸ்ட் 15 நெருங்கினால் ஏதாவது ஓர் ஊரில் இளைஞர்கள் பணம் திரட்டிக் கல் வைக்கக் கிளம்பிவிடுகிறார்கள். அவர்களுடைய ஆர்வத்தைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. கல்லில் ஏறும் விவரம் பிழையாகிவிட்டால் அந்தப் பிழை நூறு வருஷம் நிற்கும். அதைத் தடுக்கத்தான் எழுதுகிறோம்.

பழைய வட ஆர்க்காட்டுக்காரர்களுக்கு நடுகல் புதிதல்ல. செங்கம் பகுதியில் பல்லவர் காலத்து நடுகற்கள் எத்தனையோ கிடைத்திருக்கின்றன. அவற்றின் வாசகத்தைப் பாருங்கள். எந்த மன்னனின் எத்தனையாவது ஆட்சியாண்டு, வீரன் யாருடைய சேவகன், எதைக் காக்கப் போய் இறந்தான், அவன் பெயர் என்ன என்று நாலைந்து வரியில் எல்லாம் இருக்கும். எடுத்தனூர்க் கல்லில் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆண்டு என்று காலம் சொல்லி, எருமை மந்தையைக் காத்து இறந்த கருந்தேவக்கத்தியின் பெயரையும், கூட நின்று கள்வரைக் கடித்த நாயின் பெயரையும் வெட்டியிருக்கிறார்கள். நாயின் பெயர் கோவிவன். பதினாலு நூற்றாண்டு கழித்தும் நமக்கு அது தெரிகிறது. இன்று நாம் வைக்கும் கற்களில் பலவற்றில் ‘வீரவணக்கம்’ என்ற சொல் பெரிதாக இருக்கிறது, திறந்து வைத்தவர்களின் பெயர்ப் பட்டியல் இருக்கிறது. வீரர் எந்தப் பிரிவில் இருந்தார், எந்த இடத்தில், எந்த நாளில், என்ன செய்து இறந்தார் என்பது இல்லை.

கல்லில் முதலில் வர வேண்டியவை படை எண், பதவி, பெயர். பட்டாளத்தில் ஓர் ஆளை அடையாளம் காட்டுவது எண்தான். ஒரே பெயரில் ஒரே பட்டாலியனில் மூன்று பேர் இருப்பார்கள், எண் மட்டும் ஒருவருக்கே உரியது. சுபேதார் போன்ற ஜே.சி.ஓ.க்களுக்கு எண்ணின் முன்னால் ஜே.சி. என்றும், நிரந்தர ஆணை பெற்ற அதிகாரிகளுக்கு ஐ.சி. என்றும் வரும். கடைசியில் ஓர் ஆங்கில எழுத்தும் ஒட்டியிருக்கும். எண்ணின் பகுதிதான் அது, விட்டுவிடக் கூடாது. பதவி என்பது இறந்த அன்று வகித்த பதவி. லான்ஸ் நாயக் என்பதை நாயக் என்று உயர்த்தி எழுதுவது மரியாதை ஆகாது. ஆவணத்தோடு ஒத்துப்போகாத கல்லைப் பின்னால் வருகிறவர்கள் நம்ப மாட்டார்கள்.

பெயரில்தான் அதிகம் தவறு நடக்கிறது. ஆள் சேர்க்கையின்போது காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டார்கள். அதை இன்று திரும்பத் தமிழாக்கும்போது ஏழுமலை ‘எலுமலை’ ஆகிவிடுகிறார். முனுசாமியா முனிசாமியா என்ற சந்தேகம் வருகிறது. தகப்பனார் பெயர் விரிந்து குடும்பப் பெயர்போல முன்னால் வந்து நிற்கிறது. தமிழ்ப் பெயரைப் பள்ளிச் சான்றிதழிலிருந்தோ வீட்டாரிடமிருந்தோ எடுங்கள். ஆங்கிலப் பெயரை ராணுவ ஆவணத்தில் உள்ளபடி, எழுத்துப் பிழை போலத் தோன்றினாலும் மாற்றாமல், கல்லின் கீழ்ப்பகுதியில் சிறிதாகப் போடுங்கள். டெல்லி தேசிய போர் நினைவுச் சின்னத்தில் அவர் பெயரைத் தேடுகிறவருக்கு அந்த வரி உதவும்.

அடுத்தது படைப்பிரிவு. தமிழர் என்றால் மெட்ராஸ் ரெஜிமெண்ட் என்று முடிவு கட்டிவிடுகிறோம். பரம் வீர் சக்ரா பெற்ற மேஜர் ராமசாமி பரமேஸ்வரன் மகார் ரெஜிமெண்டின் 8ஆவது பட்டாலியன். கார்கில் போரில் பட்டாலிக் பகுதியில் 1999 மே 29 அன்று உயிர் நீத்து வீர் சக்ரா பெற்ற திருச்சி மேஜர் சரவணன் பீகார் ரெஜிமெண்டின் முதல் பட்டாலியன். லடாக் எல்லையிலுள்ள கல்வானில் உயிர் நீத்த ராமநாதபுரம் மாவட்டத்து ஹவில்தார் பழனி 81 ஃபீல்டு ரெஜிமெண்ட், அதாவது பீரங்கிப் படை. பல ரெஜிமெண்டுகளிலிருந்து ஆட்களை எடுத்து அமைத்த ராஷ்ட்ரிய ரைஃபிள்ஸில் இருந்தவர்களுக்கு இரண்டு வரி தேவை. மேஜர் முகுந்த் வரதராஜன் ராஜ்புத் ரெஜிமெண்டைச் சேர்ந்தவர், இறக்கும்போது பணியாற்றியது 44 ராஷ்ட்ரிய ரைஃபிள்ஸில். தாய் ரெஜிமெண்ட், இறந்தபோது இருந்த பிரிவு இரண்டையும் எழுதினால்தான் விவரம் முழுமையாகும்.

இனி விருது. குழப்பம் மிகுந்த இடம் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறோம். எதிரியை நேருக்கு நேர் சந்தித்துக் காட்டிய வீரத்துக்குப் பரம் வீர் சக்ரா, மகா வீர் சக்ரா, வீர் சக்ரா என்று மூன்று படிகள். 1950 ஜனவரி 26 அன்று ஏற்படுத்தி, 1947 ஆகஸ்ட் 15 முதலே செல்லும் என்று அறிவித்தார்கள். போர்முனை அல்லாத இடத்தில் காட்டிய வீரத்துக்கு அசோக சக்ரா, கீர்த்தி சக்ரா, சௌர்ய சக்ரா. இவை 1952இல் அசோக சக்ரா முதல் வகுப்பு, இரண்டாம் வகுப்பு, மூன்றாம் வகுப்பு என்று தொடங்கி 1967இல் இன்றைய பெயர்களைப் பெற்றன. ஆகவே 1967க்கு முந்தைய தாளில் ‘அசோக சக்ரா மூன்றாம் வகுப்பு’ என்று இருந்தால் அது இன்றைய சௌர்ய சக்ராவுக்குச் சமம். கல்லில் வெறுமனே ‘அசோக சக்ரா’ என்று வெட்டினால் இரண்டு படி ஏற்றிவிட்டதாக ஆகும். ‘வீர் சக்ரா’வைத் தமிழ்ப்படுத்துகிறோம் என்று ‘வீரச்சக்கரப் பட்டம்’ என எழுதுவதும் வேண்டாம். அது பட்டம் அல்ல, பதக்கம்.

போர் அறிவித்தால்தான் பரம் வீர் வகை விருது என்று நினைப்பதும் சரியல்ல. பரமேஸ்வரன் 1987 நவம்பர் 25 அன்று உயிர் நீத்தது இலங்கையில், அமைதிப்படையில் இருந்தபோது. கல்வானில் அறிவித்த போர் எதுவும் இல்லை, ஆனாலும் பழனிக்குக் கிடைத்தது வீர் சக்ரா. மேஜர் முகுந்தின் சண்டை காஷ்மீரில் பயங்கரவாதிகளோடு நடந்தது, அதனால் அசோக சக்ரா. இந்த இரண்டு வகையில் ஒன்றின் வீரம் உயர்ந்தது, மற்றதன் வீரம் தாழ்ந்தது என்று பொருள் அல்ல. வகை வேறு, அவ்வளவுதான். எந்த வகை என்பதை அரசிதழ் சொல்லும், நாம் ஊகிக்கக் கூடாது.

பதக்கத்தின் நாடாவைப் பார்த்தும் கண்டுபிடிக்கலாம். பரம் வீர் சக்ராவுக்கு முழு ஊதா. மகா வீர் சக்ராவுக்குப் பாதி வெள்ளை, பாதி ஆரஞ்சு. வீர் சக்ராவுக்குப் பாதி கருநீலம், பாதி ஆரஞ்சு. அசோக சக்ரா வகைக்குப் பச்சை நாடா. அதில் ஆரஞ்சுக் கோடு ஒன்று இருந்தால் அசோக, இரண்டு இருந்தால் கீர்த்தி, மூன்று இருந்தால் சௌர்ய.

வீட்டு டிரங்குப் பெட்டியில் கிடக்கும் எல்லாப் பதக்கமும் வீர விருது அல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும். 1965இன் சமர் சேவா ஸ்டார், ரக்ஷா மெடல், 1971இன் பூர்வி ஸ்டார், பச்சிமி ஸ்டார், சங்க்ராம் மெடல், கார்கிலின் ஆப்ரேஷன் விஜய் ஸ்டார் எல்லாம் அந்தப் போரில் பங்கு கொண்டவர்களுக்கோ அந்தக் காலத்தில் படையில் பணியாற்றியவர்களுக்கோ கொடுத்தவை. அவற்றுக்கும் மதிப்பு உண்டு, கல்லில் இடமும் உண்டு. ஆனால் அவற்றை வீர விருது என்று எழுதினால், உண்மையில் வீர் சக்ரா பெற்றவரின் கல்லையும் சேர்த்துச் சந்தேகிக்க வைத்துவிடுவோம். பதக்கத்தின் விளிம்பைப் பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். எண், பதவி, பெயர் பொடி எழுத்தில் இருக்கும். தயவுசெய்து புளி, சாம்பல், பிராஸோ போட்டுத் தேய்க்க வேண்டாம். மகா வீர் சக்ராவும் வீர் சக்ராவும் வெள்ளி. தேய்க்கத் தேய்க்க முதலில் அழிவது அந்த விளிம்பு எழுத்துதான். பழைய தந்தி, கடிதங்களை லேமினேட் செய்வதும் கூடாது. சூட்டில் தாள் கருகி மடிப்பில் விட்டுப்போகும், பிறகு பிளாஸ்டிக்கிலிருந்து பிரிக்கவும் முடியாது.

தேதி விஷயத்தில் மூன்று நாட்களைப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். வீரச்செயல் நடந்த நாள் ஒன்று, விருது அறிவித்த நாள் ஒன்று, குடியரசுத் தலைவர் கையால் குடும்பத்தார் வாங்கிய நாள் ஒன்று. முகுந்த் இறந்தது 2014 ஏப்ரல் 25. விருதை அறிவித்தது அந்த ஆண்டு சுதந்திர தினத்தில். வழங்கியது 2015 குடியரசு தினத்தில். கல்லில் பெரிதாக வர வேண்டியது முதல் நாள்தான். இடத்தையும் துல்லியமாக எழுத வேண்டும். ‘காஷ்மீரில்’, ‘எல்லையில்’ என்று எழுதினால் போதாது. மலை, கணவாய், ஆறு, ஊர் எதுவோ அதன் பெயர் வேண்டும்.

இவ்வளவும் எங்கே கிடைக்கும்? விருதுக்கான அறிவிப்பு இந்திய அரசிதழின் முதல் பகுதி, முதல் பிரிவில் குடியரசுத் தலைவர் செயலக அறிவிப்பாக வரும். பாதுகாப்பு அமைச்சகத்தின் வீர விருதுகள் இணையதளத்தில் பெயரைப் போட்டுத் தேடினால், எந்தச் செயலுக்காக விருது என்று சொல்லும் விருதுரை கிடைக்கும். மற்ற விவரங்களுக்கு அந்தந்த ரெஜிமெண்டின் ஆவண அலுவலகமான ரெக்கார்ட் ஆபீஸ். மெட்ராஸ் ரெஜிமெண்டுக்கு வெலிங்டன், பொறியாளர் படையான மெட்ராஸ் சாப்பர்ஸுக்குப் பெங்களூரு, பீரங்கிப் படைக்கு நாசிக் ரோடு, வண்டி, கருவிகளைப் பழுதுபார்க்கும் இ.எம்.இ.க்குச் செகந்திராபாத், தகவல் தொடர்புப் பிரிவான சிக்னல்ஸுக்கு ஜபல்பூர், மகாருக்குச் சாகர், பீகாருக்குத் தானாப்பூர், ராஜ்புத்துக்கு ஃபதேகர். மனைவியோ பெற்றோரோ பிள்ளைகளோ கையெழுத்துப் போட்டு, எண்ணைக் குறிப்பிட்டு, மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் வழியாக எழுதுவது நல்லது. ஊர்ச் சங்கத்தின் பெயரில் எழுதினால் தனிநபர் விவரம் என்று மறுக்க இடம் உண்டு. தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டாலும் இதே கதைதான், அதையும் குடும்பத்தார் பெயரிலேயே போடுங்கள். கட்டணம் பத்து ரூபாய், பதிலுக்கு முப்பது நாள். பதிலில் ‘தியாகி’ என்றோ ‘வீரமரணம்’ என்றோ இருக்காது. ‘பேட்டில் கேஷுவாலிட்டி’ என்றுதான் இருக்கும். போரில் இறந்தவர், காயம்பட்டவர் எல்லாரையும் குறிக்கும் ராணுவத்தின் அலுவல் சொல் அது. அவமதித்துவிட்டார்கள் என்று வருத்தப்பட வேண்டாம்.

முகவரி பொருந்தாமல் போவது நம் பக்கத்துக்கே உரிய தொல்லை. 1962, 1965, 1971 ஆவணங்களில் மாவட்டம் ‘வட ஆர்க்காடு’. 1989இல் திருவண்ணாமலை பிரிந்தது, 2019இல் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் பிரிந்தன. அன்று குடியாத்தம் தாலுகாவில் இருந்த ஊர்கள் சில இன்று பேரணாம்பட்டிலும் கே.வி.குப்பத்திலும் இருக்கின்றன. பின்கோடு 1972இல்தான் வந்தது, பழைய தாளில் அதைத் தேடிப் பயனில்லை. ஆனால் ராணுவப் படிவத்தில் அஞ்சலகம், தாலுகா, பக்கத்து ரயில் நிலையம் ஆகியவை இருக்கும். ரயில் நிலையத்தை வைத்து ஊரைப் பிடித்துவிடலாம். ஒரே பெயரில் இரண்டு ஊர் இருக்கும் இடங்களில் ‘அருகிலுள்ள ரயில் நிலையம் காட்பாடி’ என்ற ஒரு வரி வழக்கையே தீர்த்துவிடும்.

இந்தப் பெயர்ப் பொருத்தம் கல்லோடு முடிகிற விஷயமும் அல்ல. விருதுக்கு உரிய மாதப்படி 2017 ஆகஸ்ட் 1 முதல் பரம் வீர் சக்ராவுக்கு 20,000, மகா வீர் சக்ராவுக்கு 10,000, வீர் சக்ராவுக்கு 7,000 ரூபாய் என்று உயர்ந்தது. வீரரின் மனைவிக்கு அது தொடரும். மணமாகாதவராக இருந்தால் பெற்றோருக்குச் சேரும். மனைவி மறுமணம் செய்தால் இறந்தவரின் சகோதரரைத்தான் செய்ய வேண்டும் என்றிருந்த நிபந்தனையை அதே ஆண்டு நவம்பரில் நீக்கிவிட்டார்கள். பழைய விதியை நம்பி விண்ணப்பிக்காமலே இருக்கும் பெண்களுக்கு யாராவது இதை எடுத்துச் சொல்ல வேண்டும். பென்ஷன் ஆணை, ஆதார், வங்கிக் கணக்கு மூன்றிலும் பெயர் ஒன்றாக இல்லாவிட்டால் பணம் நின்றுவிடும். கல்லுக்காக விவரம் சேகரிக்கும்போதே இதையும் சரிபார்த்துக் கொடுத்தால் அந்தக் குடும்பத்துக்குக் கல்லைவிடப் பெரிய உதவி.

கல் வேலைக்கு வருவோம். பளிங்கு வேண்டாம். மழையிலும் புகையிலும் அரித்து எழுத்து மழுங்கிவிடும். பித்தளைத் தகடு திருட்டுப் போகும். கருப்பு கிரானைட்தான் ஏற்றது. நாலடி உயரம், இரண்டரை அடி அகலம், இரண்டு அங்குலக் கனம் போதும். எடை ஏறக்குறைய 140 கிலோ வரும். தரைக்கு ஒட்டும் 18 மில்லிமீட்டர்ப் பலகையைச் செங்கல் சுவரில் ஒட்டினால் சிமெண்ட் விட்டுப்போய் இரண்டு மூன்று மழைக்காலத்தில் விழும். பீடத்தோடு பிணைக்க 12 மில்லிமீட்டர் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பி இரண்டு, எபாக்ஸி வைத்து. சாதாரண இரும்புக் கம்பி வேண்டவே வேண்டாம். துரு ஏறினால் கம்பி பருத்துக் கல்லைப் பிளந்துவிடும். ஏரிக்கரை மண்ணாக இருந்தால் கெட்டித் தரை தட்டும்வரை அஸ்திவாரம் போக வேண்டும், இல்லாவிட்டால் கல் சாயும்.

எழுத்து 30 மில்லிமீட்டர் உயரத்துக்குக் குறையக் கூடாது. மணல் வீச்சில் வெட்டும்போது ரப்பர் ஸ்டென்சிலில் தமிழ்ப் புள்ளிகள் மிகச் சிறிதாக இருந்தால் கல்லில் பதியாமலே போய்விடும். ‘வீர் சக்ரா’ ‘வீர சகரா’ ஆவது இப்படித்தான். கணினியில் பழைய எழுத்துருவிலிருந்து யூனிகோடுக்கு மாற்றும்போது கொம்பும் காலும் இடம் மாறிவிடுவதும் உண்டு. ஆகவே வெட்டுவதற்கு முன் வாசகத்தை உண்மை அளவிலேயே தாளில் அச்சிட்டுச் சுவரில் ஒட்டச் சொல்லுங்கள். குடும்பத்தார் ஒருவர், முன்னாள் படைவீரர் ஒருவர், தமிழாசிரியர் ஒருவர் என மூவரும் தனித்தனியாகப் படித்துக் கையெழுத்துப் போடட்டும். எண்ணைக் கடைசி இலக்கத்திலிருந்து முன்னோக்கிப் படித்துச் சரிபாருங்கள். வெட்டிய பிறகு திருத்தம் கிடையாது. முகத்தை முழுக்க இழைத்து மறுபடி வெட்ட வேண்டும், அல்லது புதுக் கல். எழுத்துப் பள்ளத்தில் அடிக்கும் எனாமல் பெயிண்ட் வேலூர் வெயிலுக்கு உரிந்துவிடும். வெட்டு ஆழமாக இருந்தால் பெயிண்ட் போனாலும் படிக்கலாம். கல்லுக்கு எண்ணெய், பால், குங்குமம் சாத்த வேண்டாம். போர்வெல் தண்ணீரில் கழுவினால் ஈரத்துணியைத் தொடர்ந்து உலர்ந்த துணியாலும் துடைத்துவிடுங்கள், உப்பு வெள்ளையாகப் படியாது.

இடம் தேர்வு செய்யும்போது சாலையோரம் வேண்டாம். பொதுச் சாலை, நடைபாதைகளில் சிலை வைக்க அனுமதி தரக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2013 ஜனவரியில் உத்தரவிட்டிருக்கிறது. சாலை அகலமாகும்போது முதலில் பெயர்த்தெடுப்பதும் ஓரத்தில் இருக்கும் கல்லைத்தான். அவர் படித்த பள்ளி வளாகமோ ஊராட்சி அலுவலக முகப்போ மேல். கிராம சபையில் தீர்மானம் போட்டு, ஆட்சியரிடம் எழுத்தில் அனுமதி வாங்கி, அந்தத் தாள்களின் நகலை ஊராட்சியிலும் குடும்பத்திலும் வைத்துக்கொள்ளுங்கள்.

திறப்பு விழாவில் கல்லை மூவர்ணக் கொடியால் மூடுவது வழக்கமாகிவிட்டது. கொடி விதிப்படி அது கூடாது. சிலையையோ நினைவுச் சின்னத்தையோ மூடும் துணியாகத் தேசியக் கொடியைப் பயன்படுத்தக் கூடாது என்று தெளிவாக இருக்கிறது. வெள்ளைத் துணியோ ரெஜிமெண்ட் நிறத் துணியோ போட்டு மூடுங்கள். கொடி தனியாகக் கம்பத்தில் பறக்கட்டும். கல்லில் அரசுச் சின்னமான நான்முகச் சிங்கத்தைச் செதுக்குவதற்கும் 2005ஆம் ஆண்டுச் சட்டம் தடையாக இருக்கிறது. ரெஜிமெண்ட் சின்னம் போட விரும்பினால் ரெஜிமெண்ட் சென்டருக்கு எழுதிக் கேளுங்கள். இறந்தவரின் பதக்கங்களைக் குடும்பத்தார் அணிந்து வந்தால் வலப்பக்க மார்பில் அணிய வேண்டும். இடப்பக்கம் தாமே பெற்றவர்களுக்கு உரியது.

கடைசியாக வேலூர் மாநகருக்கு ஒரு வேண்டுகோள். லாங் பஜார் மணிக்கூண்டில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. 1914 முதல் 1919 வரை நடந்த பெரும் போருக்கு இந்த ஊரிலிருந்து 277 பேர் போனார்கள், அவர்களில் 14 பேர் உயிர் கொடுத்தார்கள் என்று அது ஆங்கிலத்தில் சொல்கிறது. பெயர் ஒன்றுகூட இல்லை. அந்தக் காலத்தில் அரசு ஊர் ஊராக வைத்த பலகைகளுக்கு அதுதான் வாசகம், எண்ணிக்கையை மட்டும் நிரப்பிக்கொண்டார்கள். காமன்வெல்த் போர்க் கல்லறைகள் ஆணையத்தின் பதிவேட்டை இன்று இணையத்தில் தேடலாம். பல பதிவுகளில் தகப்பன் பெயரும் ஊரும் ‘வட ஆர்க்காடு, மெட்ராஸ்’ என்ற குறிப்பும் உண்டு. ஊர்ப் பெயர்களை அந்தக் கால ஆங்கில எழுத்துக்கூட்டலில் நாலைந்து விதமாகப் போட்டுத் தேட வேண்டும், பொறுமை வேண்டும். கல்லூரி வரலாற்றுத் துறை மாணவர்கள் ஒரு பருவத்தில் முடிக்கக்கூடிய வேலை. கிடைக்கும் பெயர்களை, 14 முழுக்கக் கிடைக்காவிட்டாலும் கிடைத்தவரை, பழைய பலகையைத் தொடாமல் அதன் கீழே தனிக் கல்லில் தமிழில் வெட்டி வைக்க மாநகராட்சி முன்வர வேண்டும். பின்னால் கிடைக்கும் பெயர்களுக்காகக் கல்லின் அடிப்பகுதியில் இடம் விட்டு வைக்கவும்.

இப்படிக்கு,
முன்னாள் படைவீரர்கள் சிலர்,
கணியம்பாடி வட்டாரம், வேலூர் மாவட்டம்.